தமிழ் பேசிய சுருள்கள் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய செய்திப் படங்களையும் ஆவணப் படங்களையும் டிஜிட்டலுக்கு மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் அந்தப் படங்கள் எந்த மொழியில் காப்பாற்றப்படுகின்றன என்ற கேள்வி அதில் இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

என் அப்பா ஒரு டூரிங் கொட்டகையில் ஆபரேட்டர். பஸ்ஸில் படப்பெட்டி வந்து இறங்கும்போது நியூஸ் ரீல் பெட்டியும் கூடவே வரும். 1948இல் மும்பையில் தொடங்கிய மத்திய அரசின் படத் தயாரிப்பு நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படங்கள் அவை. மெயின் படத்துக்கு முன்னால் அவற்றைப் போட்டே ஆக வேண்டும், அது லைசென்ஸ் நிபந்தனை. ஆண்களில் பாதிப் பேர் வெளியே பீடி குடித்துக்கொண்டு நிற்பார்கள். மணலில் உட்கார்ந்திருக்கும் நாங்களும் பாட்டிமாரும்தான் முழுசாகப் பார்ப்போம். பக்ரா அணை, அம்மை ஊசி, குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம், எல்லாமே தமிழில். எழுத்துத் தெரியாத என் பாட்டிக்குப் பீகார் பஞ்சம் தெரிந்தது அந்தக் குரல் வழியாகத்தான். கேட்டுவிட்டு இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

இன்று இணையத்தில் அந்தக் காலப் படங்களைத் தேடினால் எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கின்றன. எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967இல் எடுத்த, சுதந்திரத்தோடு பிறந்த இருபது வயதுக்காரர்கள் பேசும் படத்தைப் பார்த்து அசந்துபோனேன். அருமையான படம். ஆனால் நான் தேடிப் போனது பாட்டி கேட்ட அந்தத் தமிழ்க் குரலை.

இதில் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. அப்பா சுருளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார்: படச்சட்டங்களின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று நெளிந்து ஓடும், அதுதான் ஒலி. காட்சிக்கான நெகட்டிவ், அதாவது பிரதிகள் எடுக்க வைத்திருக்கும் மூலச் சுருள், எல்லா மொழிக்கும் ஒன்றேதான், ஒலி நெகட்டிவ் மட்டும் மொழிக்கு மொழி வேறு. ஆகவே மும்பையில் காட்சி பத்திரமாக இருக்கிறது என்பதால் தமிழும் இருக்கிறது என்று ஆகிவிடாது. தமிழ் ஒலியைத் தனியாகத் தேடி எடுத்தால்தான் உண்டு.

தேடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் கதையே போதும். காந்தியைப் பற்றிய காட்சிகளுக்காக ஏறக்குறைய 1,00,000 மைல் அலைந்து, உலகெங்குமிருந்து 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940இல் தமிழில் அந்தப் படத்தை வெளியிட்டார். அந்தத் தமிழ்ப் பிரதி காணாமல் போனது. பல பத்தாண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலில் அமெரிக்காவில் கிடைத்தது, 1953இல் வெளிவந்த ஆங்கில வடிவம். அதுவாவது கிடைத்ததே என்று நன்றியோடுதான் சொல்கிறேன், ஆனாலும் மனசு ஆறவில்லை.

பிலிம்ஸ் டிவிஷன் படங்களெல்லாம் அரசாங்க விளம்பரம்தானே என்று சிலர் கேட்கலாம். பல படங்கள் அப்படித்தான், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தவை அப்பட்டமான பிரசாரம். சரி, இருக்கட்டும். நம் பாட்டன் பாட்டிகளிடம் அரசு எந்தத் தமிழில், எந்தத் தொனியில் பேசியது என்று தெரிந்துகொள்ள வேறு எதைக் கேட்பது?

அப்பா வேலை பார்த்த கொட்டகையைப் பிரித்தபோது, திருப்பி அனுப்பாமல் தங்கிப்போன சில சுருள்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கருப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி இருக்கிறது, அதற்காக வாங்கிப் போனார்கள். இப்படி எத்தனை ஊரில் நடந்ததோ!

2022இல் பிலிம்ஸ் டிவிஷனும் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டன. கைவசமுள்ள தமிழ் ஒலிகள் எவை என்று ஒரு பட்டியலை அவர்கள் வெளியிட வேண்டும். தமிழக அரசும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய தியேட்டர்காரர்களுக்கும் ஆபரேட்டர் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பரணில் தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள், வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு உடனே புனேக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆபரேட்டரின் மகள்,
பழனி