முதலில் அன்னபேதி, பிறகு சிமென்ட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆலைக் கழிவைச் சிமென்ட்டுடன் கலந்து கட்டியாக்கிவிட்டால் கன உலோகங்கள் நிலத்தடி நீரில் இறங்காது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராணிப்பேட்டையில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரை சொல்வது பல உலோகங்களுக்குப் பொருந்தும். எங்கள் ஊரில் பழைய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியத்துக்குப் பொருந்தாது.

நான் சிமென்ட்டுக்கு எதிரி அல்ல. 2015 ஜனவரி 31 அன்று இங்கே கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். இறுகிய கசடு அப்படிப் பாய்ந்திருக்காது.

சிமென்ட் இறுகும்போது கலவையின் பிஎச் அளவு 12-ஐத் தாண்டுகிறது. அந்தக் காரத்தில் காட்மியமும் நிக்கலும் ஹைட்ராக்சைடாகப் படிந்து சிக்கிக்கொள்ளும். காரம் மிகுந்தால் ஈயமும் துத்தநாகமும் மறுபடி கரையும். அளவு பார்த்துக் கலக்க வேண்டும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் வேறு சாதி. அது குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கிறது. எவ்வளவு காரத்திலும் ஹைட்ராக்சைடாகப் படியாது. கட்டிக்குள் அடைத்தாலும் மழைநீர் ஊறியதும் பெரும்பகுதி கரைந்து வெளியே வந்துவிடும்.

ஆகவே முதலில் அதை மூன்று இணைதிறனுக்கு மாற்ற வேண்டும்; அப்போதுதான் அதுவும் ஹைட்ராக்சைடாகப் படியும். அதற்கு மலிவான மருந்து ஃபெரஸ் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள். ஒரு மழைக்காலத்தில் என் மாணவர்கள் கால்வாயில் மஞ்சளாக ஓடிய நீரைப் பாட்டிலில் பிடித்து வந்தார்கள். அன்னபேதிக் கரைசலை ஊற்றியதும் மஞ்சள் மறைந்து, பழுப்புப் பச்சையாகக் கலங்கி அடியில் படிந்தது. கொத்தனார்களின் கையில் வரும் தோல் அழற்சிக்குச் சிமென்ட்டிலேயே இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் ஒரு காரணம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அங்கே சிமென்ட்டில் சேர்ப்பதும் பெரும்பாலும் இதே அன்னபேதிதான்.

கட்டுரையாளர் இந்தக் கட்டிகளைச் செங்கல்லாக வீடு கட்டப் பயன்படுத்தலாம் என்கிறார். வேண்டவே வேண்டாம். கழிவுக்கான சோதனையில் கட்டியை நொறுக்கி, 20 மடங்கு எடையுள்ள அசெட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றுகிறார்கள். வடிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் குரோமியம் வரை நம் நாட்டின் 2016 அபாயகரக் கழிவு விதிகள் அனுமதிக்கின்றன. குடிநீருக்கான வரம்போ 0.05, நூறில் ஒரு பங்கு. காப்புப் படலம் விரித்த நிலநிரப்பிடத்துக்கு அந்த 5 போதும், குழந்தை சாய்ந்து உட்காரும் சுவருக்குப் போதாது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுக் காரம் ஆண்டுக்கு ஆண்டு குறையும்; வீடு இடிந்தால் செங்கல் எந்தக் குளக்கரையில் கொட்டப்படும் என்று யார் கணக்கு வைப்பார்கள்?

1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டன் கழிவு குவிந்து போனது. அதைக் கட்டியாக்கும் எந்தத் திட்டத்துக்கும் ஒப்பந்தப் புள்ளி கோருமுன், அன்னபேதி சேர்த்த மாதிரி, சேர்க்காத மாதிரி இரண்டின் வடிநீர் முடிவுகளையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தமிழில் வெளியிட வேண்டும்.

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
ராணிப்பேட்டை