கோயிலுக்கு 50 மீட்டர், கடைவீதிக்கு எதுவும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுக்கடையை அகற்றக் கோரிப் பெண்கள் மறியல் செய்த செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும், 'கடை விதிப்படிதான் இயங்குகிறது' என்ற அதிகாரிகளின் விளக்கமும் கூடவே வருகிறது. அந்த விளக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோளாறு விதியில்தான் இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில் 8ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சியிலும் நகராட்சியிலும் 50 மீட்டருக்குள், பிற இடங்களில் 100 மீட்டருக்குள் கடை கூடாது. நகரத்துப் பிள்ளைகளுக்குப் பாதித் தூரம் போதும் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தார்களோ! நான்கைந்து பஸ்கள் வரிசையாக நின்றால் அந்த 50 மீட்டர் தீர்ந்துவிடும். அது போகட்டும். அதே விதியின் அடியில் ஒரு விலக்கு இருக்கிறது: நகரமைப்புத் துறையினர் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய இடங்களில் இந்தத் தூரக் கட்டுப்பாடே பொருந்தாது.

கும்பகோணம் போன்ற கோயில் ஊர்களில் கடைவீதி கோயிலைச் சுற்றித்தான் வளர்ந்தது. சன்னதித் தெருவில் கீழே பூக்கடையும் பாத்திரக்கடையும் இருக்கும், மாடியில் குடித்தனம் இருக்கும், பின்கட்டில் மாலை நேர டியூஷன் நடக்கும். இப்படிப்பட்ட தெருவை வரைபடத்தில் வணிகப் பகுதி என்று குறித்துவிட்டால், கோபுர வாசலுக்கு எதிரிலேயே கடை திறந்தாலும் விதிமீறல் ஆகாது. பாதுகாப்பு எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் விதி கைவிடுகிறது. கடைக்குப் பிறகு வந்த பள்ளிக்கும் கோயிலுக்கும் பொருந்தாது என்று இன்னொரு விலக்கும் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

நெடுஞ்சாலை விவகாரத்திலும் இதுதான் நடந்தது. வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆனால் மூடிய கடைகளுக்கு மாற்றிடம் தேடியபோது அவை குடியிருப்புகளுக்குள் நுழைந்தன. திருப்பூர் அருகே சாமளாபுரத்தில் போராடிய பெண் ஒருவர் காவல்துறை அதிகாரியிடம் அறை வாங்கியது அப்போதுதான். அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் தந்தது. எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே மீட்டரை விடப் பெரிதாகிவிட்டது.

2003 நவம்பர் முதல் தமிழகத்தில் விதி வகுப்பதும் அரசு, கல்லாவில் உட்கார்ந்திருப்பதும் அரசு. தெருவாசிகள் யாரிடம் முறையிடுவது? மகாராஷ்டிரத்தில் 2008ஆம் ஆண்டு ஆணைப்படி, பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் மனு கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில் என்று இரண்டே சின்னங்கள். படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் கடை மூடப்படும்.

நான் முழு மதுவிலக்குக் கேட்கவில்லை. 8ஆவது விதியிலுள்ள வணிகப் பகுதி விலக்கை அரசு நீக்க வேண்டும். அதுவரை, புதிய கடை திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே இடத்தின் சர்வே எண், நில வகைப்பாடு, அருகிலுள்ள பள்ளி, கோயில்களின் தூரம் ஆகியவற்றை உள்ளாட்சி அலுவலகப் பலகையில் ஒட்டி ஆட்சேபம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.