சமாதானத் தாளில் கையெழுத்துப் போடாதே

அன்புள்ள கயலுக்கு,

மாப்பிள்ளை நேற்றுப் பேசினார். உன்மேல் வண்டியை மோதிய பையனின் மாமா இருபதாயிரம் ரூபாயும், வழக்கு வேண்டாம் என்று எழுதி வைத்த ஒரு தாளுமாக வந்ததாகவும், நீ "பாவம், சின்னப் பையன், போகட்டும்" என்று சொன்னதாகவும் சொன்னார். வக்கீல் குமாஸ்தா வீட்டில் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது?

உன் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ வழக்குப் போட்டால் அந்தப் பையன் வீட்டுப் பாத்திரம் பண்டம் ஏலத்துக்கு வராது. வண்டி ஓட்டியவன், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் என்று மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்போம். பணம் கட்டுவது காப்பீட்டு நிறுவனம். வண்டியில் அடிபடும் மூன்றாம் நபருக்காகத்தான் சட்டம் அந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாலிசி உயிரோடு இருக்கிறதா, பையனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்க்க வேண்டும். பாலிசி இல்லையென்றால் சுமை உரிமையாளர் தலையில் விழும். அப்போது வேண்டுமானால் உன் இரக்கத்தைப் பற்றிப் பேசுவோம்.

சிக்னல் இல்லாத இடத்தில் நீதான் சாலையைக் கடந்தாய் என்று அந்த மாமா சொன்னாராம். சொல்லட்டும். உன் பக்கமும் கவனக்குறைவு என்று, மனுவை விசாரிக்கும் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கருதினால், அதற்குரிய விழுக்காட்டைத் தொகையில் கழிக்கும். அதற்காக மனுவையே தள்ளிவிடாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். தையல் கடையில் செலவு போக மாதம் பதினைந்தாயிரம் நிற்கிறது என்றாய். சொந்தத் தொழில், வயது நாற்பதுக்குள் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. உன் வயது 34. அந்த வயதுக்கு ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், அதாவது பெருக்கி, 16. ஆக 40,32,000. கால் ஊனத்தால் உன் தொழில் திறன் பத்து சதவீதம் குறைந்தது என்று வைத்தால்கூட நான்கு லட்சத்துக்கு மேல் வருகிறது. மருத்துவச் செலவு, வலி வேதனை, கடை மூடிக் கிடந்த மாதங்களின் வருமானம் எல்லாம் தனி. மருத்துவர் காலுக்குக் கொடுக்கும் சதவீதத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போடக்கூடாது, அந்த ஊனம் அவரவர் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கும் நாள் முழுக்க மெஷினை மிதிக்கிற உனக்கும் கணுக்கால் ஒன்றல்ல. எலும்பு கூடி, நடை எப்படி வருகிறது என்று தெரியும் முன்பே எதற்கு விலை பேசுவது?

என்னை உறுத்துவது வேறொன்று. உன்னைத் தூக்கிப் போனவர்கள் அவசரப் பிரிவில் என்ன சொன்னார்கள்? அங்கே இருக்கும் மருத்துவர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில், காயம் எப்படி வந்தது என்று ஒரே வரி எழுதுவார். பதற்றத்தில் யாராவது "தடுக்கி விழுந்துவிட்டார்" என்று சொல்லியிருந்தால், அதுவே அங்கே ஏறியிருக்கும். காப்பீட்டு நிறுவன வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான். நல்ல நல்ல வழக்குகள் அந்த ஒரு வரியில் படுத்ததைப் பார்த்தவன் நான். மாப்பிள்ளையை நாளைக்கே அதன் நகலை வாங்கச் சொல். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தையும் தேதி போட்டு எழுதி வை.

காவல் நிலையத்தில் "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அவர்களுக்குக் கோப்பு குறைந்தால் போதும். குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு மனு வேறு. பையன் அபராதம் கட்டினாலும் உன் மனு நிற்கும். ஆனால் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். கட்டுப் பிரிக்கட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிடாதே.

வார்டு வாசலில் விசிட்டிங் கார்டு நீட்டுகிறவர்களிடம் ஒரு தாளும் கொடுக்க வேண்டாம். எங்கள் ஆபீஸில் ஜூனியராக இருந்தவர் இப்போது கோயம்புத்தூரில்தான் தொழில் செய்கிறார், அவரிடம் பேசிவிட்டேன். உனக்காக வாதாட அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்துத் தாளைச் சனிக்கிழமை வீட்டுக்கே கொண்டுவருவார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
அப்பா