சங்கதி என்றால் அலங்காரம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் சங்கீதக் கலைச்சொற்கள் என்று அரைப்பக்கம் வந்தது. என் பேத்தி அதை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். தரம் 10இல் படிக்கிறாள். அழகியலுக்கு எடுத்திருப்பது கர்நாடக சங்கீதம். தலை பின்னும்போதும் அந்தத் தாளைப் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டே நிற்கிறாள். திருகோணமலை மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் சங்கீதம் படிப்பித்தவள் நான். கை சும்மா இருக்குமா? மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் அலுமாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

சின்னப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் திருவையாற்றில் பிறந்தவர்கள் என்று போட்டிருக்கிறீர்கள். மூவரும் பிறந்த ஊர் திருவாரூர். சியாமா சாஸ்திரிகள் 1762இல், தியாகராஜர் 1767இல், முத்துசுவாமி தீட்சிதர் அதற்குச் சில வருடம் கழித்து. திருவையாறு தியாகராஜர் வாழ்ந்து சமாதியான இடம். அவர் நினைவாக வருடாவருடம் ஆராதனை விழா அங்கே நடப்பதால் மற்ற இருவரையும் பலர் அங்கேயே குடியேற்றிவிடுகிறார்கள். சாஸ்திரிகள் இருந்தது தஞ்சாவூரில், காமாட்சி அம்மன் சந்நிதியில். ஊர் ஊராகத் தலயாத்திரை போன தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் கண்மூடினார்.

இது போகட்டும். திருத்தம் போட்டால் சரியாகிவிடும். என்னை எழுத வைத்தது 'சங்கதி' என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுத்த விளக்கம்: "பாடலுக்குச் செய்யப்படும் அலங்காரம்." பேத்தி அதை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "அப்ப ஒரு வரிக்கு நாலு சங்கதி பாடிக் காட்டு" என்றேன். "அம்மம்மா, இது எழுத்துப் பேப்பருக்கு. செயன்முறைக்கு இல்லை" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆசிரியர் அவர்களே, அலங்காரம் என்றால் வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். சங்கதியை அப்படிக் கழற்ற முடியாது. ஒரே வரி, ஒரே சொற்கள். முதல் தடவை நேராகப் பாடுகிறோம். இரண்டாம் தடவை ஒரு மூலையில் மட்டும் சின்ன வளைவு. மூன்றாம் தடவை அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு படி. இடையில் ஒன்றை விட்டால் அடுத்தது அந்தரத்தில் தொங்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நான் கோணேசர் கோயிலைத்தான் காட்டுவேன். கோட்டை வாசலில் மான்களைத் தாண்டி ஏறத் தொடங்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் கடல் தெரியும். அதே கடல்தான், ஆனால் முன்னதைவிடக் கொஞ்சம் கூட. சங்கதிகளை இப்படிப் படிப்படியாக வளர்த்தெடுத்தவர் தியாகராஜர். தெருவில் ஆளைக் கண்டால் "என்ன சங்கதி?" என்று கேட்கிறோமே, அந்தப் பொருளும் எனக்குப் பிடிக்கும். வரி அதேதான், வரும்போதெல்லாம் ஒரு புதினம் கொண்டுவருகிறது.

அடுத்தது சுவரஜதி. அதையும் ஜதிஸ்வரத்தையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு ஒன்றாக்கிவிட்டீர்கள். பரதநாட்டியம் பழகுகிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதல் உருப்படியான அலாரிப்புக்கு அடுத்தது ஜதிஸ்வரம் என்று சொல்லும். அதில் சாகித்தியம், அதாவது பாட்டுச் சொற்கள், கிடையாது, ஸ்வரக்கோர்வைகளுக்கு ஆடுவது. சுவரஜதியில் ஸ்வரத்துக்குச் சாகித்தியம் உண்டு. அதை ஆடரங்கிலிருந்து பாட்டரங்குக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தவர் சியாமா சாஸ்திரிகள்: பைரவி, யதுகுலகாம்போதி, தோடி ஆகிய மூன்று ராகங்களிலும் அவர் செய்த சுவரஜதிகளே போதும். பைரவி சுவரஜதியில் சரணங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஸ்வரத்தில், கீழிருந்து மேலாக ஏறித் தொடங்குவதை ஒருமுறை காதால் கேட்ட பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் இரண்டையும் மாற்றி எழுதாது.

மேளகர்த்தா ராகங்கள், அதாவது மற்ற ராகங்கள் பிறக்கும் தாய் ராகங்கள், 72 என்று ஒரே வரியில் முடித்தது பெரிய குறை. அது பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரியல்லவா! ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே அதன் இலக்கம் ஒளிந்திருக்கிறது. வடமொழி எழுத்து வரிசையில் க, ட, ப, ய என்ற நான்கு எழுத்துகளிலிருந்தும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் கடபயாதி என்று பெயர். மாயாமாளவகௌளையில் 'மா' பகரத்திலிருந்து எண்ணினால் ஐந்து, 'யா' ஒன்று. 51ஐத் திருப்பிப் போட்டால் 15. பாட்டுப் பழகும் பிள்ளையின் முதல் பாடமான சரளி வரிசைக்குரிய இந்த ராகம் 15ஆவது மேளம். கல்யாணிக்கு முன்னால் 'மேச' என்று ஒட்டியது 65 வருவதற்காக. சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' என்று ஒட்டியது 29 வருவதற்காக. தமிழில் நான்கு தகரத்துக்கும் ஓரெழுத்து என்பதால் 'தீ' எத்தனை என்று பிள்ளைகள் திண்டாடுவார்கள். அது நாலாவது தகரம், ஒன்பது என்று சொல்லிக் கொடுத்தால் வகுப்பே குஷியாகிவிடும். நான் பார்த்த வகுப்புகளில், கணக்குக்குப் பயந்த பிள்ளைகள்தான் இதில் முதலில் கையைத் தூக்கினார்கள்.

நோட்டுஸ்வரத்துக்கு ஆங்கில இசை என்று இரண்டே சொல். எங்கள் வீட்டுக் கதையொன்று சொல்கிறேன். அப்பப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். கடற்படைத் தளம் 1957இல் நம்மவர் கைக்கு வரும்வரை வெள்ளைக்காரனின் பாண்ட் வாத்தியம் கேட்டுப் பழகிய காது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீட்சிதரின் 'சந்ததம் பாஹிமாம்' பாடிப் பழகினேன். அப்பப்பா சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டார். "இது நேவிக்காரர் வாசிக்கிறது எல்லோ!" அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆங்கிலேயரின் அரச கீத மெட்டு அது. சென்னைப் பக்கம் இருந்த காலத்தில் காதில் விழுந்த பாண்ட் மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். திருவாரூர்க் கமலாம்பாள் மேல் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளைச் செய்த அதே மனிதர்தான் இதையும் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இனிப் புகழ்பெற்ற உருப்படிகள் என்று நீங்கள் கொடுத்த பத்து. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் ராகத்தோடு சரியாகப் போட்டிருக்கிறீர்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. 'வாதாபி கணபதிம்' இருக்கிறது. நல்லது. பத்தில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை. நான் தமிழிசைச் சண்டைக்கு வரவில்லை. 'எந்தரோ மஹானுபாவுலு' பாடும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் மாரிமுத்தாப் பிள்ளையின் 'காலைத் தூக்கி நின்றாடும் தெய்வமே' இந்த ஊரில் நடனம் பழகிய பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பாட்டு. அது யதுகுலகாம்போதி என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதினால், சியாமா சாஸ்திரிகளின் சுவரஜதிக்கும் அங்கேயே ஒரு கதவு திறக்கும். அருணாசலக் கவிராயர், முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோரில் ஒருவருக்குமா இடமில்லை?

பழந்தமிழர் ராகத்துக்கு வைத்த பெயரான 'பண்' என்ற சொல்லே உங்கள் பட்டியலில் இல்லாததைத்தான் என்னால் ஆற்ற முடியவில்லை. பண்களையும் யாழையும் வருடக்கணக்காக ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். எங்கள் ஊர் இந்துக் கல்லூரியிலும் பொறுப்பு வகித்தவர். சம்பந்தர் இராமேஸ்வரத்தில் நின்றபடியே கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த கோணேசரைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. மூன்றாம் திருமுறையில் அந்தப் பதிகம் இருக்கிறது. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே." பண் புறநீர்மை, இன்று அதற்குப் பூபாளத்தைச் சொல்வார்கள். பூபாளம் விடியற்காலை ராகம். வெயில் முதலில் கடலில் எழும்பி மலையில் விழுகிற ஊரில் இருந்துகொண்டு, இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவதா? என் பேத்திக்குப் பதிகம் மனப்பாடம், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாடுகிறாள். அதற்கு ஒரு பண் இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சம்பந்தரின் முதல் பதிகமான 'தோடுடைய செவியன்' நட்டபாடைப் பண். அதை நாட்டையாகவோ கம்பீரநாட்டையாகவோ பாடுகிறோம். சுவாமி வீதிக்கு எழுந்தருளும்போது நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்களே, அதுவும் கம்பீரநாட்டை. பஞ்சரத்தினத்தில் முதலாவதும் நாட்டை. பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவில் கச்சான் கொறித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் காதில் இந்த ராகம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. பெயர் சொல்லிக் காட்ட ஆள்தான் இல்லை. உங்கள் பக்கம் அந்த வேலையைச் செய்யலாம்.

அடுத்த முறை சொற்களைக் குறையுங்கள். இருபத்தைந்து வேண்டாம், ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை எங்கே போய்க் கேட்கலாம், எந்தப் பாட்டில் கேட்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் கிழக்கிலேயே சங்கீத ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் எழுதுவேன், சன்மானம் வேண்டாம்.

அலுமாரியில் இருக்கிற தாளில் திருவையாற்றை வெட்டித் திருவாரூர் என்று சிவப்புப் பேனையால் எழுதிவிட்டேன். பேத்திக்கு என் எழுத்தில் நம்பிக்கை இல்லை. "பேப்பரில் போட்டதுதானே சரி" என்கிறாள். ஆகையால் திருத்தத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். மேலே ஒட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.