குயினோலினுக்கு அதற்குள் இரங்கல் எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மலேரியா கட்டுரையில், 'குயினோலின் மருந்துகளின் கதை முடிந்துவிட்டது' என்று ஒரு வரி. குயினோலின் என்பது இரண்டு வளையங்கள் ஒட்டிய ஒரு வேதிக் கட்டமைப்பு; அதை அடிப்படையாகக் கொண்ட மருந்துகள் ஒரு பெரிய குடும்பம். அந்தச் சேர்மங்களைத் தயாரிக்கும் ஆய்வகத்திலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். குடுவையின் அடியில் தார் போல ஒட்டிக்கொண்ட கறுப்புப் பிசினைச் சுரண்டி, அதிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைப் பிரித்தெடுக்கும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். அந்த வரி மனதை மிகவும் புண்படுத்தியது.

பல நாடுகளில் செல்லாமல் போனது அந்தக் குடும்பத்தில் ஒன்றான குளோரோகுயின், அதுவும் பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகையிடம். ஹீமோகுளோபினைத் தின்ற ஒட்டுண்ணிக்கு மிஞ்சும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதி நஞ்சு. அதைப் படிகமாக்கித்தான் அது பிழைக்கிறது. அந்தப் படிகம் உருவாகாமல் தடுப்பது குளோரோகுயின். எதிர்ப்பு பெற்ற ஒட்டுண்ணி, மருந்தைத் தன் செரிமானப் பையிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் ஹீம் அதற்கு இன்றும் நஞ்சுதான். வெளியே தள்ள முடியாதபடி மூலக்கூறின் பக்கச் சங்கிலியை மாற்றிப் பார்ப்பதுதானே எங்கள் வேலை!

அதே கட்டுரை, ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துகளைப் புகழ்கிறது. அவற்றில் துணை மருந்தாக வரும் அமோடியாகுயின், மெஃப்ளோகுயின், பைப்பராகுயின் எல்லாமே குயினோலின்கள் என்பது ஆசிரியர் அறியாததல்ல. இப்போது மனிதர்களிடம் சோதனையில் இருக்கும் கபாமிகுயினும் குயினோலின்தான். அது ஹீமைத் தொடுவதில்லை, ஒட்டுண்ணியின் புரத உற்பத்தியையே நிறுத்துகிறது.

என் தங்கைக்கு வைவாக்ஸ் என்ற இன்னொரு ஒட்டுண்ணி வகையால் மலேரியா வந்தபோது குளோரோகுயின் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் விட்டது. சில மாதம் கழித்து அதே குளிர், கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம். கல்லீரலில் உறங்கிக் கிடந்த ஒட்டுண்ணி எழுந்துவிட்டது. அதைக் கொல்லப் பயன்பாட்டில் இருப்பவை பிரைமாகுயினும், 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாஃபெனோகுயினும்தான். இரண்டுமே குயினோலின்கள். கொடுக்கும் முன் ஜி6பிடி நொதிக் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை கூட இல்லையே ஐயா.

முன்பும் இப்படித்தான். சோதனைக் குழாயில் ஒட்டுண்ணியைக் கொன்ற ஒரு சேர்மத்துக்கு 'மலேரியாவுக்குப் புதிய மருந்து' என்று தலைப்பிட்டீர்கள். குழாயில் பிரமாதமாக வேலை செய்து, இதயத் துடிப்பைக் குலைக்கும் என்று தெரிந்ததும் நாங்களே ஓரங்கட்டிய சேர்மங்கள் எத்தனையோ. அப்போதும் கடிதம் எழுதினேன், இதழில் வரவில்லை. 2020-இல் ஹைட்ராக்சிகுளோரோகுயினை முதலில் கொரோனாவின் சஞ்சீவி என்றீர்கள், அப்புறம் விஷம் என்றீர்கள். மூட்டுவாதத்துக்கு அதையே நம்பியிருந்தவர்கள் மாத்திரை கிடைக்காமல் அலைந்ததை எழுத உங்களுக்கு இடமில்லை.

சரி, பழையது போகட்டும். 'குயினோலின் மருந்துகள்' என்ற இடத்தில் 'ஃபால்சிபாரத்துக்கு எதிரான குளோரோகுயின்' என்று திருத்தி, அடுத்த இதழில் இரண்டு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்து வேதியியலாளர் ஒருவர்