மைலுக்குப் பத்து அங்குலம்

மில்ங்காவி, ஸ்காட்லாந்து, ஜூன் 19

அன்புள்ள சுப்பு,

உன் வாட்சாப் செய்திகளுக்கெல்லாம் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபிக்கு வருகிற பெண் சொல்வதைக் கேள். அந்தப் பெண்ணுக்கே நீ பாடம் எடுப்பதாக உன் வீட்டம்மா என் வீட்டம்மாவிடம் புகார் சொல்லியிருக்கிறார். படுத்த இடத்தில் படிக்க உனக்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் இந்த நீளக் கடிதம்.

முதலில் ஊர்ப் பெயர். எழுத்தைக் கூட்டிப் படித்தால் மில்ங்காவி. ஆனால் வாயால் சொல்லும்போது மல்கை! கிளாஸ்கோ ரயில் நிலையத்தில் நான்கு முறை மில்ங்காவி, மில்ங்காவி என்றேன். கவுண்டரில் இருந்தவர் பரிதாபமாகப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டிதான் "மல்கை" என்று எடுத்துக்கொடுத்து என்னைக் கரையேற்றினார். எழும்பூரை எக்மோர் ஆக்கிவிட்டுப் போனவர்கள் சொந்த ஊர்ப் பெயர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் அரை மணிக்கும் குறைவு. மல்கைதான் கடைசி ஸ்டேஷன், அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. காயத்ரியும் மாப்பிள்ளையும் காலை எட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். அப்புறம் வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசும். மணற்கல் வீடுகள், ஒட்ட வெட்டிய வேலிச்செடி, வீட்டுக்கு வீடு வெவ்வேறு நிறத்தில் குப்பைத்தொட்டிகள். எந்தக் கிழமை எந்தத் தொட்டியைத் தெருவில் வைப்பது என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள், மழையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசுகிறார்கள், போய்விடுகிறார்கள். நம் ஊரில் இந்நேரம் என் ஓய்வூதியம் எவ்வளவு என்பது வரை கேட்டிருப்பார்கள்.

இந்த ஊருக்கு வெளியில் ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது நடைப்பயணத்தால். வெஸ்ட் ஹைலண்ட் வே என்ற நீண்ட நடைபாதை இங்கேதான் தொடங்குகிறது. 1980-ல் திறந்தது, ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர். கடைத்தெரு நடுவில் அதற்காக ஒரு கல்தூண் நட்டிருக்கிறார்கள். காலையில் காப்பி வாங்கப் போனால், முதுகில் ஒரு குடும்பமே உட்காரும் அளவு மூட்டையோடு இளசுகள் அந்தத் தூண் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பாலாடை போல வெள்ளையான புது ஷூக்கள். எனக்கு அந்த ஷூக்களை நினைத்துத்தான் கவலை.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. வீட்டிலிருந்து கால்மணி நேரம் மேடேறினால் இரண்டு ஏரிகள் ஒட்டினாற்போல இருக்கின்றன. மக்டாக், கிரெய்க்மாடி. நடுவில் ஒரு கரை, அதன் மேல் நடக்கலாம். முதல் நாள் பார்த்தபோது அழகான ஏரி, அன்னங்கள், பின்னால் மலை என்று நினைத்து ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். "கரைச் சரிவு என்ன?" என்று நீ பதில் போட்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அது ஏரி இல்லை, கிளாஸ்கோவின் குடிதண்ணீர்த் தேக்கம் என்று தெரிந்தது.

கதை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு கிளாஸ்கோவில் ஆலை, நெருக்கடி, அழுக்கு. 1850-களின் காலராவில் மட்டும் ஏறக்குறைய நாலாயிரம் பேர் போனார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பிப் பயனில்லை என்று, மலைக்குள் இருக்கிற காட்ரின் ஏரியிலிருந்து கொண்டுவர 1855-ல் சட்டம் போட்டார்கள். பொறியாளர் ஜான் ஃபிரெடரிக் பேட்மன். ஏரியின் மட்டத்தை நாலு அடி உயர்த்தி, அங்கிருந்து மக்டாக் வரை 26 மைல். ஏறக்குறைய பாதித் தூரம் மலையைக் குடைந்த சுரங்கம், அதுவும் வெடிமருந்தும் கையால் அடிக்கிற உளியும் வைத்து. ஒரு பம்பு கிடையாது. சுரங்கத்திலும் வாய்க்காலிலும் மைலுக்குப் பத்து அங்குலம் சரிவு, அவ்வளவுதான். கிலோமீட்டருக்குப் பதினாறு சென்டிமீட்டர். 6336-க்கு 1 என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதானே?

இந்த எண்ணைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் வாய்க்கால் வாய்க்காலாக அலைந்துவிட்டு வந்து, ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து மட்டம் பார்க்கிற டம்பி லெவல், அளவுக்கோல் ஸ்டாஃப், அரை அங்குலம் தப்பினால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். நான் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு 'ம்' கொட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை உள்ளே போனதில்லை. இந்தக் கரையில் நின்று, கீழே கிளாஸ்கோ பள்ளத்தில் கிடப்பதைப் பார்த்தபோதுதான் நீ எதைச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று உறைத்தது. அந்தப் பத்து அங்குலத்தை மழையிலும் சேற்றிலும் நின்று லெவல் பார்த்து வைத்தவன் ஒருவன் இருந்திருப்பான். அவன் வீட்டிலும் யாரோ 'ம்' கொட்டியிருப்பார்கள்.

1859 அக்டோபர் 14-ல் விக்டோரியா ராணி வந்து திறந்தாராம், நல்ல மழையில். அவர் தங்குவதற்கென்று காட்ரின் ஏரிக்கரையில் புதிதாக ஒரு வீடு கட்டிவைத்திருந்தார்களாம். பீரங்கி மரியாதை செய்ததில் அந்த வீட்டுக் கண்ணாடியெல்லாம் நொறுங்கி, ராணி அங்கே தங்காமலே திரும்பினார் என்று இங்கே ஒரு கதை சொல்கிறார்கள். நம் ஊர்த் திறப்பு விழாக்களை இனி நான் கிண்டல் செய்யமாட்டேன். அப்புறம் 1866-ல் காலரா மறுபடி வந்தது. கிளாஸ்கோவில் செத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. கிரெய்க்மாடி பிற்பாடு, 1896-ல் சேர்த்தது.

தண்ணீர் அத்தனை மென்மை. சோப்பு நுரையை அலசி எடுக்க நேரமாகிறது. கெட்டிலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், வெள்ளைப் படிவு ஒரு துளி இல்லை. நம் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிற சுண்ணாம்பைப் புளி போட்டுத் தேய்ப்போமே, அது இங்கே யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உனக்குப் பிடிக்கும். இரண்டு ஸ்டேஷன் தள்ளி பேர்ஸ்டன். பழைய பங்களாக்களை இடித்து அடுக்குமாடி கட்டப்போன இடத்தில், 1973-ல், ரோமானியர்களின் குளியல் வீடு கிடைத்தது. ரோமானியர்கள் 142-ல் கட்டத் தொடங்கி இருபது வருஷத்தில் கைவிட்டுப் போன அன்டோனைன் மதிலின் காவல் கோட்டை அங்கே இருந்திருக்கிறது. இப்போது ஃபிளாட்டுகளுக்கு நடுவே, துணி உலர்த்துகிற கம்பிக்குப் பக்கத்தில், வெந்நீர் அறை, குளிர்நீர் அறை, அடியில் சூடு போக இடைவெளி, எல்லாம் இடுப்பளவு கல்சுவராகக் கிடக்கிறது. டிக்கெட் கிடையாது, காவல்காரன் கிடையாது. நான் போனபோது ஒரு பூனை வெந்நீர் அறையில் தூங்கியது. குளித்த தண்ணீரை வீணாக்காமல் கழிவறை வழியாகத் திருப்பி அகழிக்கு விட்டிருக்கிறார்கள், அதுவும் சரிவிலேயே. அந்த அகழி மண்ணைச் சலித்து ஆராய்ந்ததில் சிப்பாய்கள் பெரும்பாலும் கோதுமை தின்றவர்கள் என்று தெரிந்ததாம். கூடவே அத்திப்பழ விதை, கசகசா, கொத்தமல்லி. நம்புவாயா, கொத்தமல்லி! காயத்ரி வாரக் கடைசியில் கடை கடையாகத் தேடுவதை, அந்த ஆட்கள் பதினெட்டு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே வைத்திருந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைக் கிரெய்க்மாடி மேட்டு நிலத்துக்குக் கூட்டிப்போனார். எவன் வயலோ என்று நான் தயங்கினேன். ஸ்காட்லாந்தில் 2003-ல் போட்ட சட்டப்படி பெரும்பாலான நிலங்களில் யாரும் நடக்கலாம். பயிரை மிதிக்கக்கூடாது, நாம் திறந்த கதவை நாமே மூடிவிட்டுப் போகவேண்டும், ஆட்டைக் கலைக்கக்கூடாது. ஒரு கதவின் நாதாங்கியைப் போட நான் ஐந்து நிமிஷம் போராடினேன். ஒரு பசு முழு நேரமும் நின்று வேடிக்கை பார்த்தது. மேலே மூன்று பெரும் பாறைகள், இரண்டின் தலைமேல் ஒன்று. மூன்று கிழவிகள் யார் பெரிய கல்லைத் தூக்குவது என்று பந்தயம் கட்டி மடியில் கொண்டுவந்து போட்டார்களாம். இடையில் இருக்கிற சந்துக்குள் நுழைந்து வராவிட்டால் பிள்ளைப்பேறு கிடையாது என்பது ஐதீகம். எனக்குத்தான் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே என்று சொல்லி வெளியிலேயே நின்றுகொண்டேன். உள்ளே மாட்டிக்கொண்டால் உன் ஆஸ்பத்திரி வார்டுக்கு நானும் வந்திருப்பேன்.

குறையே இல்லையா என்றால், மிட்ஜ் என்று ஒரு பூச்சி. கடுகில் கால்வாசி. காற்று நின்ற சாயங்காலம் ஆயிரக்கணக்கில் வந்து காது, இமை, வழுக்கை என்று பாகுபாடில்லாமல் கடிக்கிறது. நம் கொசு ஒரு ஜென்டில்மேன், பாட்டுப் பாடி முன்னறிவிப்பாவது கொடுக்கும். ராத்திரி பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. உன் மன்னி கனமான திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறாள், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஒரு கேள்வி. மலைக்கு இரண்டு பக்கமும் குடைந்துகொண்டு வந்தவர்கள் நடுவில் சந்திக்கும்போது மட்டம் எப்படித் தப்பாமல் இருந்திருக்கும்? மாப்பிள்ளை செல்போனில் தேடிச் சொல்கிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். ஆகஸ்ட் முதல் வாரம் ஊருக்கு வருகிறேன். மொட்டை மாடி ஏறுகிற அளவுக்குக் காலைச் சரிப்படுத்தி வை.

அன்புடன்,
வேணு