ராவணன் மீசை

உப்புவெளி, திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் அழாக்குறையாகக் கதைத்தது இன்னும் மனதில் நிற்கிறது. இயற்கைப் பொருள் ஒன்றை எடுத்து அதிலிருந்து ஒரு தோட்டம் வடிவமைக்கச் சொல்லி ஒப்படை. நீ சங்கை எடுத்தாய். வகுப்பில் இன்னும் ஏழு பேர் சங்கோடு வந்துவிட்டார்கள், எட்டுப் பேரும் சுருள் பாதை போட்டிருக்கிறீர்கள். "கடற்கரைப் பிள்ளை சங்கை எடுக்காமல் வேறென்னத்தை எடுக்கும்" என்றா அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வராது, தெரியும்.

உன் படிப்பு எனக்கு முழுக்க விளங்காது. 28 வருடம் நில அளவையில் சங்கிலியும் மட்டக்கோலும் தூக்கினவன் நான். ஆனால் 66 அடிச் சங்கிலியை ஒரு காணிக்குள் இழுத்துக்கொண்டு நடந்தால், எங்கே தாழ்வு, எங்கே ஈரம் என்று காலுக்கே பிடிபட்டுவிடும். நீ போனில் சேர்த்து வைத்திருக்கிற அத்தனை தோட்டப் படங்களில் எத்தனைக்குள் நடந்திருக்கிறாய்?

அதனால் காலையில் உன் ஒப்படையை நானே செய்து பார்ப்போமென்று பழைய கொப்பி ஒன்றோடு கடற்கரைக்குப் போனேன். வள்ளங்கள் ஏற்றிவைக்கிற இடத்துக்கு அப்பால் ராவணன் மீசை, அந்த முள்ளுப் புல், பத்தையாகக் கிடக்கிறதே, சின்னனில் அதன் காய்ந்த உருண்டைகளை ஓடவிட்டு அண்ணாவோடு பந்தயம் பிடிப்பாய். பெண் செடியில்தான் அந்த உருண்டை வரும். கழன்று கிடந்த ஒன்றை, தேங்காயளவு இருக்கும், எடுத்துக் காற்றில் விட்டேன். முள் நுனிகளில் நின்று, மணலைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. நானும் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கொஞ்சத் தூரம் போய், புதைந்து கிடந்த பனைமட்டை ஒன்றில் தடக்கி நின்றது. பக்கத்தில் குந்தியிருந்தேன். காற்று ஓங்கி அடித்த காலை. அரை மணித்தியாலத்துக்குள் உருண்டையின் மறைவுப் பக்கத்தில் மணல் ஒரு வால்போலச் சேர்ந்துவிட்டது. விதை விழுவதும் அங்கேதான். முளைத்தால் அது இன்னும் மணலைப் பிடிக்கும். மணல்மேடு இப்படித்தான் தொடங்குகிறது. உருண்டையை வரைந்தால் வட்டமும் முள்ளும்தான் கிடைக்கும். ஓடுவது, தடக்குவது, சேர்ப்பது, இந்த மூன்றையும் வரைந்து பாரேன்.

திரும்பி வரும்போது அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று எல்லாரும் சும்மா சொல்லிக்கொண்டு, அதன் நடுவாலேயே கடலுக்கு நேர் பாதை அடித்து வைத்திருக்கிறோம். அந்தப் பாதை வாயால் மட்டும் மணல் ஒழுங்கைக்குள் வந்து குவிந்து கிடக்கிறது. கொடி படர்ந்த இரு பக்கத்தாலும் ஒரு சிரங்கைகூட வரவில்லை. பாதையைக் காற்றுக்கு நேரே விடாமல் கொஞ்சம் வளைத்திருந்தாலே போதும். அந்த வளைவுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். உங்கள் எட்டுச் சுருளுக்கும் என்ன காரணம் சொன்னீர்கள்?

ஒரே இடத்தை மூன்று நேரத்தில் வரையச் சொன்ன பயிற்சி அலுப்பு என்றாயே, எனக்கு அது நல்லாய்ப் பிடித்தது. முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். நிலத்தோடு பொழுதை ஏன் சேர்த்தார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நெய்தலுக்கு எற்பாடு, சூரியன் சாய்கிற நேரம். எங்கள் கடலோ கிழக்குப் பார்த்தது. பின்னேரம் சூரியன் முதுகில் சுட, வள்ளங்களின் நிழல் தண்ணீரை நோக்கி நீளும். தண்ணீருக்கு மேல் சூரியன் சாய்வதைப் பார்க்க உள்துறைமுகப் பக்கம் போகவேண்டும். மேற்குக் கரையில் பெந்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளைக் கேள், அவர்கள் வரைகிற பின்னேரம் வேறாக இருக்கும்.

பெந்தோட்டை என்றதும்தான் ஞாபகம், அங்கேயுள்ள லுணுகங்க தோட்டத்தின் படங்கள் கிடைத்தன. சிங்களத்தில் லுணு என்றால் உப்பு. அங்கேயும் உப்பு, எங்கள் ஊர்ப் பெயரிலும் உப்பு! கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் அந்த றப்பர்த் தோட்டத்தை வாங்கி, 2003இல் இறக்கும்வரை வைத்திருந்தார். எங்கே மரத்தை வெட்டினால் எது தெரியும் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். ஒரு காணிக்கு அவருக்கு அரைநூற்றாண்டு. நீ மூன்று கிழமையில் யோசனை வறண்டுபோச்சு என்கிறாய்.

இனி என் ஒப்படை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்து எங்கள் வளவை வரைந்து அனுப்பு. மரம், பூச்செடி ஒன்றும் வேண்டாம். மாரியில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எங்கே நிற்கும், அது மட்டும். நானும் வரைந்தேன். கிணற்றடியிலிருந்து வாழையடிக்கு அழகாகக் கோடு இழுத்தேன். அம்மா எட்டிப் பார்த்தா. "அது தொட்டி கட்டமுந்தி. இப்ப தண்ணி படலையடியிலயெல்லோ நிக்குது. விடியக்காலமை கூட்டித் தள்ளுறது ஆர்?" ஊர்க்காணியெல்லாம் அளந்தவன் சொந்த வளவில் பிழை விட்டுவிட்டேன். நீ எந்தப் பக்கம் வரைகிறாய் என்று பார்க்க அம்மாவும் காத்திருக்கிறா.

வெள்ளி இரவு பஸ்ஸில் சித்தப்பா கொழும்புக்கு வருகிறார். மட்டைப்பெட்டியில் மூன்று உருண்டை கொடுத்துவிடுகிறேன். உன் அறைத்தோழிக்கும் காட்டு. சிங்களத்திலும் அதை ராவணனோடு சேர்த்து மகா ராவண ரவுலா என்றுதான் சொல்வார்கள். பெட்டியைத் திறக்கும்போது கை கவனம், குத்தும். ஃபேனையும் நிற்பாட்டிவிட்டுத் திற. இல்லாவிட்டால் மூன்றையும் கட்டிலுக்குக் கீழேதான் தேடவேண்டி வரும்.

அன்புடன்,
அப்பா